பிரேக்கில் கை வைத்தவர்

கீழ் வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் நிபுணர் என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஓடும் பட்டையின் ஓரத்தில் நின்று உடைந்ததையும் கருகியதையும் பொறுக்கித் தொட்டியில் போடுகிற ஆட்களை மேற்பார்வை பார்க்க வேண்டும். இருபது வருடம் அடுத்தவர் செய்த பழுதையே பார்த்துக்கொண்டு நின்றவருக்கு உலகம் முழுக்கப் பழுதாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவருக்கு வேலை தெரியாது. கொத்தனார் கையிலிருந்து ரசமட்டத்தை வாங்கித் தானே ஒருமுறை வைத்துப் பார்ப்பார். பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டே யோசனை சொன்ன மனுஷன் என்று அவர் மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

நான் மாடியில் குடியிருப்பவன். முப்பத்தொரு வருடம் ரப்பர் கம்பெனியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். பம்புக்கும் குழாய்க்கும் வளையம், வாஷர், சீல் செய்கிற கம்பெனி. எந்த ரப்பர் எந்த எண்ணெயில் ஊதும், எது சூட்டில் வெடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கேட்க ஆள் இல்லை. மனைவி போய் நாலு வருடம். சாயங்காலமானால் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். கீழே வாசல் முழுக்கத் தெரியும். நிபுணர் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதையும், கேட்டுக்கு எண்ணெய் விட்டு அதைப் பழையபடியே கிறீச்சிட வைப்பதையும் பார்த்து மனதுக்குள் சிரிப்பதுதான் என் பொழுதுபோக்கு.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். தெருவுக்கு அவள் லேப் அக்கா. விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவாள். வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரைக்காரர்கள், எழுந்து நடக்க முடியாதவர்கள் என்று வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, பத்து மணிக்குள் நிலையத்தில் சேர்க்க வேண்டும். தினம் நாற்பது கிலோமீட்டர். சின்னச் சக்கர வண்டி என்றால் பள்ளத்தில் பெட்டி குலுங்கும் என்று அவளே பார்த்து வாங்கிய வண்டி அது. ஓட்டுவது அவள். ஆனால் வண்டியைப் பற்றிப் பேசும் உரிமை நிபுணருக்கு. அவர் ஆலை பஸ்ஸில் போய் வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போவார்.

அந்தக் கோடையில் முன் பிரேக் மக்கர் செய்ய ஆரம்பித்தது. பிடித்தால் விட மாட்டேன் என்றது. தெரு முக்கில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, காலிப்பரைப் பிரித்து சீல் மாற்றியாக வேண்டும், சனிக்கிழமை விட்டுவிட்டுப் போங்கள் என்றாராம். அவள் அதை வீட்டில் வந்து சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

"அவன் ஸ்பேனர் புடிக்கறதப் பாத்திருக்கியா? கரண்டி மாதிரி புடிக்கறான். அவன்கிட்ட பிரேக்கைக் குடுக்கறதுக்கு பிரேக் இல்லாமயே நீ போயிட்டு வரலாம்" என்று நிபுணர் சொன்னது எனக்கு மாடி வரை கேட்டது. அந்த வாரம் முழுக்க அவர் போனில் வீடியோ பார்த்தார். பதினான்கு வீடியோ பார்த்திருப்பதாக எனக்கே கணக்குச் சொன்னார். பதினான்கில் ஒருத்தனுக்குக்கூட வேலை சுத்தமாக வரவில்லையாம்.

காலிப்பர் என்பது ஒரு கிடுக்கி. சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது. உள்ளே இரண்டு பிஸ்டன் இருக்கும். லிவரை அழுத்தினால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பேடைத் தள்ளும், பேடு தட்டைப் பிடிக்கும். பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். பார்த்தால் குழந்தைக் கை வளையல் அளவுதான். லிவரை விட்டதும் அந்த வளையம்தான் பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னால் இழுக்கிறது. அந்த மயிரிழை இல்லையென்றால் பேடு தட்டை விடாது. மற்ற இரும்பெல்லாம் அதற்கு வீடு.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து, ஆலையிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு நிபுணர் வேலையை ஆரம்பித்தார். ஒரு பிஸ்டன் ஒழுங்காக வெளியே வந்தது. இன்னொன்று வரவில்லை. அதை வைதார், செய்தவனை வைதார், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைக் கொண்டுவந்து ஆயில் துளையில் வைத்து அடித்தார். பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பிப் போய் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு குழி போட்டது. பிரேக் ஆயில் தெறித்து மேசையின் பாலிஷ் பொரிந்து எழும்பியது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான் என்றார். அவள் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

அந்த நேரத்தில் நான் கீழே போனேன். பேப்பரைத் திருப்பிக் கொடுக்கப் போனதாகச் சொல்லலாம். வேடிக்கை பார்க்கப் போனேன் என்பதுதான் நிஜம். டீ கொடுத்தார். மேசையில் எல்லா உருப்படியும் பெட்ரோலில் கழுவி வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு டப்பாவிலிருந்து சக்கர பேரிங்குக்குப் போடும் மஞ்சள் கிரீஸை விரலில் வழித்து, புது ரப்பர் வளையங்களுக்குத் தாராளமாகப் பூசிக்கொண்டிருந்தார்.

அந்த வகை ரப்பர் பிரேக் ஆயிலுக்கு என்றே செய்தது. கிரீஸ் பட்டால் ஊறும், நாளாக ஆக ஊதும். என் கம்பெனியில் புதிதாகச் சேரும் ஆட்களுக்கு முதல் வாரம் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

"சார், அந்த ரப்பருக்குக் கிரீஸ் ஆகாது. பிரேக் ஆயிலையே தொட்டுப் போட்டுப் பூட்டிடுங்க" என்றேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "நீங்க தண்ணி பம்புக்கு வளையம் போட்டவரு சார். இது ஹைட்ராலிக்ஸ்" என்றார். அப்புறம் கொஞ்சம் இரக்கப்பட்ட மாதிரி, "டீ ஆறிடப் போகுது, குடிங்க" என்றார்.

முப்பத்தொரு வருடம். எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்படியா சார் என்று சொல்லி, டீயைக் குடித்து, டம்ளரைக் கழுவியே வைத்துவிட்டுப் படியேறினேன். ஏறும்போதே கணக்குப் போட்டேன். இந்த வெயிலுக்குப் பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து. வளையம் ஊதும், பிஸ்டன் மாட்டிக்கொள்ளும், பிரேக் பிடித்த பிடியாக நிற்கும். நிபுணர் வண்டியைத் தள்ளிக்கொண்டு அதே மெக்கானிக் கடைக்குப் போவார். அன்றைக்கு நான் முக்கில் நின்று, என்ன சார், ஹைட்ராலிக்ஸ் வேலை செய்யலையா என்று கேட்க வேண்டும். அந்த வாக்கியத்தைப் படுக்கையில் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எந்த விதத்திலும் வண்டியின் மேல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வரவில்லை.

முதல் வாரம் பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. நிபுணர் மெக்கானிக் கடைக்கே போய், சுத்தம் என்றால் என்ன என்று கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தார். மெக்கானிக் ஒரு வண்டியின் செயினைக் கழற்றிக்கொண்டே, நல்லா இருந்தா சரி சார் என்றாராம். அதையும் நிபுணர் தோல்வியை ஒப்புக்கொண்டதாகத்தான் எனக்கு விளக்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் காய்கறி வாங்கிக்கொண்டு வண்டியில் திரும்பி வந்ததை நான் படித் திருப்பத்திலிருந்து பார்த்தேன். ஸ்டாண்டு போட்டார். முன்சக்கரத்தின் அருகே உட்கார்ந்து இரும்புத் தட்டை ஒரு விரலால் தொட்டார். சுரீரென்று கையை இழுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டார்.  பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மேலே அண்ணாந்து பார்க்கவில்லை. எனக்கு அன்றைக்குச் சோறு கொஞ்சம் கூடவே இறங்கியது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் நடந்தே போய் வந்தார். நடந்தால் உடம்புக்கு நல்லதாம்.

அந்த வாரத்தில் ஒருநாள் லேப் அக்கா படியில் என்னை நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, முகத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, வண்டி யாரோ பின்னாலிருந்து புடிச்சு இழுக்கற மாதிரியே இருக்கு. இவர்கிட்ட சொன்னா, புது பேடு, செட் ஆக நாள் எடுக்கும்ங்கறார். அப்படியா?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஒரே வாக்கியம் போதும். நான் சொன்னது இது: "அவர் சொன்னா சரியாத்தான்மா இருக்கும். அவர்தானே பிரிச்சுப் பூட்டினார்."

எனக்கு அது நல்ல குத்தலாகப் பட்டது. அவளுக்கு அது பதிலாகப் பட்டிருக்கிறது. தலையாட்டிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை காலை, பதினொரு வீட்டில் ரத்தம் எடுத்து முடித்து, நிலையத்துக்குப் போகும் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். கீழே நாற்சந்தி. வேகத்தைக் குறைக்க லிவரைத் தொட்டிருக்கிறாள். முன்சக்கரம் சுற்றுவதை அப்படியே நிறுத்திவிட்டது. வண்டி பின்பக்கம் தூக்கி அவளை முன்னால் எறிந்தது. இடது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்தன. தாடையில் ஆறு தையல். பின்னால் வந்த லாரிக்காரர் விழித்துக்கொண்டிருந்ததால் பிழைத்தாள். பெட்டி திறந்து, ரத்தம் எடுத்த குழாய்கள் சாலையில் உடைந்து கிடந்தன. தூக்கிவிட வந்தவர்களிடம் முதலில் நிலையத்து நம்பரைத்தான் சொன்னாளாம். பதினொரு பேரும் நாளைக்கு மறுபடி வெறும் வயிற்றோடு இருக்க வேண்டுமே, அதை யாராவது சொல்ல வேண்டும் என்று. வீட்டு நம்பர் அப்புறம்தான்.

ஆஸ்பத்திரியில் நிபுணர் வந்தவர் போனவரிடமெல்லாம் மணல் என்றார். திருப்பத்தில் மணல் கிடந்தது, சாலை போட்டவனுக்கு வேலை தெரியாது, மணலில் எந்த வண்டியும் சறுக்கும். நான் போனபோது கூடுதலாக, "அவளும் திருப்பறப்போ கொஞ்சம் அவசரப்படுவா சார்" என்றார். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், தூங்கவில்லை. நான் வாங்கிப் போன ஆரஞ்சுப் பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கால்மாட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்தாள். வண்டியை மெக்கானிக் ஒரு சின்ன லோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். முன்சக்கரம் சுத்தலக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நிபுணர் உடனே ஒரு பழைய போர்வையைப் போட்டு வண்டியை மூடினார். ஏதோ செத்த வீடு மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கீழேயிருந்து என்னைக் கூப்பிட்டாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது. போர்வையை எடுத்திருந்தாள்.

"அண்ணா, இதைக் கழட்டணும். ஸ்பேனர் புடிக்க எனக்குக் கை இல்ல."

"நான் கழட்டறேன்" என்றார் நிபுணர்.

"நீங்க தட்டைப் புடிங்க" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்தேன். கழற்றுகிற உருப்படியைப் போட ஒரு எவர்சில்வர் தட்டை ஏந்திக்கொண்டு அவர் எனக்கு எதிரே குந்தினார். அவள் சொல்லச் சொல்லக் கழற்றினேன். அந்த நாலைந்து நாளில் அவளும் படுத்தபடி வீடியோ பார்த்திருக்கிறாள். எந்த போல்ட் முதலில், எது பிறகு என்று அவளுக்குச் சுத்தமாகத் தெரிந்திருந்தது. போல்ட் இளகிய பிறகும் காலிப்பரைச் சக்கரத்து இரும்புத் தட்டிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. பிஸ்டன்கள் சிமெண்டு வைத்தது மாதிரி நின்றன. மரத்துண்டை வைத்துத் தட்டி, திருகி, ஒரு வழியாக எடுத்தேன். உள்ளே விரலை விட்டு வளையத்தை உருவினேன். நிபுணர் அப்போது முன்னெச்சரிக்கையாக இரண்டு செட் சீல் வாங்கியிருந்தார். பிரிக்காத பாக்கெட்டிலிருந்து ஒரு புது வளையத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். பழையது அதைச் சுற்றி மாலை போட்ட மாதிரி பெருத்துக் கிடந்தது. தொட்டால் வேகவைத்த மாதிரி கொழகொழத்தது.

"ஏன் இப்படி ஆச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

"கிரீஸ்ல ஊறிடுச்சும்மா."

நிபுணர் ஆரம்பித்தார். சீல் கம்பெனிக்காரன் தரம் பார்ப்பதில்லை, பாக்கெட்டில் எதுவும் எழுதுவதில்லை, அவர் ஆலையில் இப்படி ஒரு சரக்கு வெளியே போனால் என்ன நடக்கும் தெரியுமா என்று. அவள் முடிக்க விட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கு விரல்ல கொப்புளம் எப்படி வந்துச்சு?"

"அதான் சொன்னேனே, டீ பாத்திரம்."

"டீ நான் போட்டேன்."

அவர் தட்டைப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் காய்கறிக்கு நடந்து போனீங்க. எங்கூட குடித்தனம் பண்ண இருபது வருஷத்துல தெருமுனை வரைக்கும்கூட நீங்க நடந்ததில்ல. வண்டி சரியில்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க ஏறல. என்னை மட்டும் தினமும் காலைல பாத்துப் போயிட்டு வான்னு அனுப்பிட்டிருந்தீங்க."

 அவர் மணல் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கடைசியில், "சொன்னா அவன்கிட்ட போகணும்" என்றார். குரல் பள்ளிக்கூடப் பையன் குரல் மாதிரி இருந்தது.

"யார்கிட்ட?"

"மெக்கானிக்கிட்ட."

"அதுக்கா" என்றாள் அவள். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட அந்த மனுஷன் நிமிர்ந்திருப்பார்.

எனக்கு என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனசு குளிர்ந்தது. அந்த டம்ளர் டீக்கு, அந்தத் தண்ணி பம்புக்கு, வட்டியோடு வந்துவிட்டது. ஒரு மனுஷன் இவ்வளவு அற்பமாகக் குந்தியிருப்பதை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பாத்ததுமே கிரீஸ்னு சொல்லிட்டீங்களே அண்ணா. இதுல கிரீஸ் போட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போடறப்போ பாத்தேன்மா. அப்பவே அவர்கிட்ட சொன்னேன், அவர் கேக்கல."

"சொன்னார்" என்றார் நிபுணர், தரையைப் பார்த்தபடி.

"அவர் கேக்க மாட்டார். அது தெரிஞ்சதுதானே" என்றாள். "நான் உங்களைப் படியில கேட்டேனே."

ஒரு மோட்டார் வண்டி தெருவில் போனது. அது போய் முடிகிறவரை நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் கேட்டப்போ என்ன சொன்னீங்கன்னு ஆஸ்பத்திரில படுத்துட்டு யோசிச்சுப் பாத்தேன். அப்போ உங்களுக்கும் தெரியாது போலன்னு விட்டுட்டேன். தெரிஞ்சே சொல்லலன்னு இப்பதான் தெரியுது." கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். "இவர் எப்படின்னு எனக்குத் தெரியும். இவரை நம்பி நான் வண்டி ஓட்டல. நீங்க சரியாத்தான் இருக்கும்னு சொன்னதாலதான் ஓட்டினேன்."

குரலை உயர்த்தவில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்கிற தொனிதான். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, வண்டியை மெக்கானிக் கடையில் விட்டுவிட்டு வாருங்கள், உருப்படியெல்லாம் தொலையாமல் எண்ணிக் கொடுங்கள் என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

காலிப்பரைக் கழற்றிவிட்டதால் சக்கரம் தாராளமாக உருண்டது. அவர் வண்டியைத் தள்ளினார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். வெயில் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, தெருவில் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். நிபுணர் மெக்கானிக் கடைக்கு வண்டி தள்ளுகிறார் என்பதைப் பார்க்க ஒன்றிரண்டு பேர் கேட் வரைக்கும் வந்தார்கள். நான் ஆசைப்பட்ட காட்சி அதுதான். முக்கில் நின்று சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. தட்டில் பிஸ்டன்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. சத்தம் வராமல் இருக்க மெதுவாக நடந்தேன்.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து தட்டை வாங்கிப் பார்த்தார். ஊதிப்போன வளையத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"யார் கை வெச்சது?" என்றார். தெரியாமல் கேட்கவில்லை.

"நான்தான்" என்றார் நிபுணர். "கிரீஸ் போட்டுட்டேன். அங்க மணல் ஒண்ணும் கிடக்கல."

மெக்கானிக் அதில் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. ம்ம் என்றார். வளையத்தைத் தட்டில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ரப்பர் கம்பெனில இருந்தவராச்சே சார். அதே வீட்டு மாடிதானே. உங்க கண்ல படலையா?"

"நான் அன்னிக்கு ஊர்ல இல்ல" என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. நிபுணர் என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் எதையும் திருத்தாமல் அவர் விட்டதில்லை. தேதி சொன்னால் தேதி தப்பு என்பார். அவர் ஒரு சொல் சொன்னால் போதும், நான் அந்தக் கடை வாசலில் நிற்க முடியாது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"ஆமா, அவர் ஊர்ல இல்ல" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு வண்டியை ஸ்டாண்டில் போட்டார்.

உருப்படிகளை அவர்தான் எண்ணிக் கொடுத்தார். திரும்பி வரும்போது அவர் முன்னால் போனார். நான் அவரோடு சேர்ந்து நடக்கப் பார்த்தேன், முடியவில்லை.